பழைய மாட்டுத் தொழுவை வேலை அறையாக மாற்றுவது எப்படி?

நெல்லைச் சீமையில் மாடு இல்லாத தொழுவுகள் பெருகிவிட்டன. புறவாசலில் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாக நிற்கும் அந்த இடத்தில் விறகும் உடைந்த சைக்கிளும் கிடக்கும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்ல இடம்தான். குக்கர் விசில் கேட்காது, டிவி சத்தம் வராது, சாப்பாட்டுக்கு நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் பெரும்பாலானவர்கள் பெயின்டிலும் ஏசியிலும் தொடங்குகிறார்கள். ஐப்பசி மழையில் அந்தப் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து விழுகிறது. வருஷக்கணக்கில் மாட்டு மூத்திரம் ஊறிய தரையும் சுவரும் அப்படித்தான் செய்யும். முதலில் உப்பையும் ஓதத்தையும், அதாவது தரையிலும் சுவரிலும் ஏறும் ஈரத்தையும், ஒழிக்க வேண்டும். அப்புறம் கூரை வெயில், பிறகு கரண்ட், கடைசியாக மேசை நாற்காலி. இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 10க்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி அறைக்கு. உங்கள் தொழு பெரிதாக இருந்தால் அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

கை வைப்பதற்கு முன்

கூரையைத் தாங்குவது பனங்கையா, அதாவது பனை மரத்தில் அறுத்த சட்டமா என்று பாருங்கள். நன்றாக வைரம் பாய்ந்த பனங்கை தலைமுறை தாண்டியும் நிற்கும். அதைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாய் போடச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. சோதிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். நடுவில் குத்திப் பார்த்தால் எல்லாக் கையும் நல்ல கையாகத்தான் தெரியும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனையிலும் இறவாணத்தை, அதாவது கூரையின் கீழ் விளிம்பை, ஒட்டிய முனையிலும் குத்துங்கள். கால் அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தக் கையை மாற்ற வேண்டும். பக்கத்திலேயே மண் குழாய் மாதிரி ஏறியிருந்தால் கரையான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சுவரில் தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். எட்டடி உயரத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், மேலே எதையும் ஏற்றுவதற்கு முன் விஷயம் தெரிந்தவரைக் கூட்டி வந்து காட்டிவிட வேண்டும். கோவில்பட்டி, சங்கரன்கோவில், மானூர்ப் பக்கம் கரிசல் மண். கோடையில் சுருங்கி மழையில் உப்பும் மண் அது. அங்கே சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு இருந்தால், அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கழிந்த பின் வெடிப்பு கோட்டைத் தாண்டவில்லை என்றால் மட்டும் பூச்சு வேலைக்குப் போகலாம். பொறுமை இல்லாமல் சிமென்ட் வைத்து அடைத்தால் அடுத்த சித்திரையில் அதே இடத்தில் வாய் பிளக்கும்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பிகளிடம் வாயால் கேட்டது போதாது, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மாடு கட்டும்வரை யாரும் கேட்காத இடம், ஏசி மாட்டியதும் பாகப் பிரிவினைப் பேச்சாகும். பக்கத்து வீட்டோடு பங்குச் சுவர் என்றால் அதில் துளை போடவும் அவர்கள் சம்மதம் வேண்டும். சுவரை உயர்த்துவது, வெளிப்பக்கம் நீட்டுவது என்று இருந்தால் பஞ்சாயத்திலோ மாநகராட்சியிலோ முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வேலை தொடங்கச் சரியான மாதம் தை. மாசி, பங்குனி காய்ச்சலில் பூச்சு உலரும்; சித்திரைக்குள் கூரை வேலை முடியும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடியில் சாரல் பிடித்துக்கொள்ளும், அந்த மாதங்களில் பூச்சு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தரை

தொழுத் தரை வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். கல் பாவியிருந்தால் கல்லைப் பெயர்த்து வெளியே அடுக்குங்கள், பின்னால் நடைபாதைக்கு ஆகும். அதன் அடியில் உள்ள கறுத்த மண்ணை முக்கால் அடி முதல் ஒரு அடி வரை வெட்டி எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் வரும் மூத்திர வாடை இந்த மண்ணில்தான் இருக்கிறது. மேலே டைல்ஸ் போட்டு மூடினாலும் ஓரத்து இடுக்கு வழியாக வரும். வெட்டிய மண்ணைத் தென்னை மூட்டில் போடலாம், நல்ல உரம். மூத்திரக் கால்வாய் சுவரைத் துளைத்துப் போகும் ஓட்டையைச் செங்கல்லும் சிமென்டும் வைத்து உள்ளும் புறமும் அடைத்துவிடுங்கள். பெருச்சாளிக்கும் பாம்புக்கும் அதுதான் வாசல்.

முடிந்த தரை, வெளி முற்றத்தைவிடக் குறைந்தது முக்கால் அடி உயரத்தில் இருக்க வேண்டும். பழைய தொழுக்களில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: சாணமும் குப்பையும் சேர்ந்து முற்றம் உயர்ந்திருக்கும், தரை பள்ளத்தில் கிடக்கும். தாமிரபரணிக் கரையூர்களில் 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தின்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கறை இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது, அந்த அளவுக்குத் தரையை உயர்த்துவது நடக்காத காரியம். அப்படிப்பட்ட இடத்தில் தரையோடு போராடாமல், சுவிட்ச் போர்டையும் இன்வெர்ட்டரையும் கறைக்கு மேலே ஏற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வெட்டிய பள்ளத்துக்கு மேல் தரையை முக்கால் அடி உயர்த்த 90 கன அடி சரள் வேண்டும்; இடித்து இறுக்கினால் அமுங்கும் என்பதால் 110 கன அடி, அதாவது ஒரு யூனிட்டும் (100 கன அடி) கொஞ்சமும். வெட்டிய ஆழத்தை நிரப்ப இன்னொரு யூனிட்டைத் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரிசல் மண்ணை நிரப்ப விடாதீர்கள். தேரி மணலோ கடற்கரை மணலோ இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அரையடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் ஆறு மாதத்தில் நாற்காலி வைக்கும் இடத்தில் தரை இறங்கும்.

சரள் இறுகிய பின் கரையான் மருந்து. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கலவை என்ற கணக்கில் இந்த அறைக்கு 55 லிட்டர் வரும், அதாவது மருந்து இரண்டே முக்கால் லிட்டர். கையுறையும் முகக்கவசமும் போட்டு, பூவாளியால் சீராக ஊற்றுங்கள். சுவர் ஓரத்தில் கூடுதலாக விட வேண்டும். கிணறோ ஆழ்துளைக் குழாயோ சுவரை ஒட்டி இருந்தால் இந்த மருந்து வேண்டாம். அங்கே மரச் சட்டத்துக்குப் பதிலாக இரும்புச் சட்டம் வைத்துத் தப்பிக்கலாம்.

அதன்மேல் ஒரு அங்குலம் எம் சாண்ட் பரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் தாளை விரியுங்கள். மணல் இல்லாமல் விரித்தால் சரளில் உள்ள கல் குத்திக் கிழியும். இரண்டு தாள் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஒரு அடி ஏறும்படி போட்டு, சுவர் ஓரத்தில் அரையடி மடித்து நிறுத்த வேண்டும். அதன் மேல் 1:4:8 கலவையில் மூன்று அங்குல கான்கிரீட். இதற்கு சிமென்ட் 3 மூட்டை, எம் சாண்ட் 15 கன அடி, ஜல்லி 30 கன அடி பிடிக்கும். பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் தேக்கி வையுங்கள்.

மேல்தளத்துக்கு 2க்கு 2 டைல்ஸ் என்றால் உடைசலையும் சேர்த்து 33 வாங்குங்கள். காவி போட்ட சிமென்ட் தரை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அதுவே மேல். குளிர்ச்சி, விலையும் குறைவு. சக்கர நாற்காலி மட்டும் கீறிவிடும், அடியில் ஒரு விரிப்பு போட வேண்டியிருக்கும்.

சுவரில் உள்ள உப்பு

இந்த ஒரு வேலையில்தான் பல தொழு அறைகள் தோற்கின்றன. மாட்டு மூத்திரமும் சாணமும் மட்கும்போது நைட்ரேட் உப்புகள் உண்டாகின்றன. ஒரு காலத்தில் வெடியுப்புக்காகத் தொழு மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள் என்றால் அதன் செறிவைப் புரிந்துகொள்ளலாம். இந்த உப்பு தண்ணீரோடு சுவரில் ஏறி, தண்ணீர் ஆவியாகும் இடத்தில் படிந்து, பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதோடு விடாது. காற்றில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதனால்தான் கூரை ஒழுகாத சுவரும் கார்த்திகையில் நனைந்து நிற்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, இரண்டடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்திருந்தால் காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம்.

உள்ளிருந்து வருகிறது என்றால் செய்ய வேண்டியது இது. வெள்ளையாகப் பூத்திருக்கும் மேல் கோட்டிலிருந்து இன்னும் ஒன்றரை அடி மேலே வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்குகளை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உலர்ந்த தேங்காய் நார் பிரஷால் தேயுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கொட்டும் தூளைச் சாக்கு விரித்துப் பிடித்து வளவுக்கு வெளியே போட வேண்டும். சித்தாள் பழக்கத்தில் அதைத் தரை நிரப்பும் சரளோடு சேர்த்துத் தள்ளிவிடுவார், கண் வைத்திருங்கள்.

பிறகு ஒரு மாதம் சுவரை அப்படியே காய விடுங்கள். உப்பு மோசமாக இருந்தால் சுண்ணாம்பும் மணலும் 1:4 சேர்த்து மெல்லிதாக ஒரு தற்காலிகப் பூச்சு பூசி விட்டுவிடலாம். அது உப்பை இழுத்துக்கொண்டு தானே உதிரத் தொடங்கும். உதிர்ந்ததும் சுரண்டி எறிந்துவிட்டு நிரந்தரப் பூச்சுக்குப் போகலாம்.

நிரந்தரப் பூச்சு, கீழ் நாலடிக்குச் சுண்ணாம்பும் மணலும் 1:3. சிமென்ட்டும் வாட்டர் புரூப் திரவமும் சேர்த்துப் பூசினால் அந்த இடத்தில் ஓதம் தெரியாது. ஆனால் வெளியேற வழி இல்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறி, ஐந்தாவது அடியில் பூக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் இப்போது அரிது என்பது உண்மைதான். கிடைக்காவிட்டால் சுவரைப் பூசாமலே விட்டு, இரும்புச் சட்டம் அடித்து ஃபைபர் சிமென்ட் போர்டு மாட்டலாம். சுவருக்கும் போர்டுக்கும் இடையே ஒரு அங்குலம் விட்டு, கீழும் மேலும் காற்றுத் துளை வைக்க வேண்டும். மண்சுவராக இருந்தால் சிமென்ட்டை நினைக்கவே கூடாது. அது மண்ணோடு ஒட்டாமல் பாளம் பாளமாகக் கழன்று விழும்.

வெளிப்பக்கம், சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வெளிநோக்கிச் சரிவாகத் தளம் போடுங்கள். இறவாணத்துத் தண்ணீர் இந்தத் தளத்தைத் தாண்டி விழ வேண்டும். அந்தத் தாரை பக்கத்து வீட்டு முற்றத்தில் விழுந்தால் தகராறு, ஆகவே தேவையான இடத்தில் தகர வாய்க்கால் வைத்துத் திருப்பிவிடுங்கள்.

பெயின்ட் என்றால் வெள்ளைச் சுண்ணாம்புதான். டிஸ்டெம்பரோ எமல்ஷனோ அடிக்க ஆசை இருந்தால் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடிக்கலாம்.

கூரை

சீமை ஓடு என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. உடைந்ததை மாற்ற, இடிக்கும் வீடுகளில் பழைய ஓடு கேட்டு வாங்குங்கள். இறவாண நீட்டலையும் சேர்த்து முழுக் கூரைக்கே 320 ஓடு போதும். குற்றாலம், பாபநாசம் பக்கம் குரங்குகள் ஓட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவை. அங்கே கீழ் வரிசை ஓடுகளைச் சட்டத்தோடு கம்பியால் கட்ட வேண்டும்.

தகர சீட் என்றால் வெயிலைவிடச் சத்தம் பெரிய தொல்லை. மழை பெய்யும்போது மீட்டிங்கில் உங்கள் குரல் கேட்காது. சீட்டுக்குக் கீழே ராக் வூல் என்னும் கல் நார் மெத்தை 50 மில்லிமீட்டர், அதன் கீழே போர்டு என்று வைத்தால் இரண்டும் அடங்கும். தெர்மோகோல் மலிவு, ஆனால் நெருப்புப் பிடித்தால் உருகி வழியும். எலிக்கோ அது மெத்தை.

ஆஸ்பெஸ்டாஸ் சீட் இருந்தால் அதில் துளை போடுவதும் அறுப்பதும் சுரண்டுவதும் கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்து நோயாக வெளிப்படும். போர்டைச் சீட்டில் தொங்கவிடாமல், சுவருக்குச் சுவர் இரும்புச் சட்டம் போட்டு அதில் மாட்டுங்கள்.

எந்தக் கூரையானாலும் உள்கூரை முறை ஒன்றுதான். கால்சியம் சிலிக்கேட் போர்டு, 8 மில்லிமீட்டர். கூரைக்கும் போர்டுக்கும் இடையே குறைந்தது அரையடி இடைவெளி. இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் எதிரெதிராக ஒரு அடிச் சதுரத் திறப்பு, அதில் கால் அங்குலக் கம்பி வலை. அடைபட்ட சூடு வெளியேற இந்தத் திறப்பு இல்லை என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கும் தலைக்கு மேல் அடுப்பு எரியும். ஜிப்சம் போர்டு வேண்டாம். ஒரு ஓடு நகர்ந்தாலே ஊறிக் கீழே வரும்.

மேலே வெயில் காப்பு வெள்ளைப் பெயின்ட் இரண்டு கோட் அடிப்பது சீட் கூரைக்கு நன்றாகப் பயன்படும். பனையோலை பரப்புவது பழைய வழி, குளிர்ச்சியும் உண்டு. ஆனால் தீபாவளிக்கு முன் இறக்கியே ஆக வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஏசிக் கணக்கு. உள்கூரை சரியாக இருந்தால் 120 சதுர அடிக்கு ஒரு டன் போதும். உள்கூரை இல்லாமல் ஒன்றரை டன் மாட்டினாலும் மதியம் இரண்டு மணிக்குத் திணறும்.

சன்னலும் கதவும்

வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராக இரண்டு சன்னல், மூன்றடிக்கு நாலடி. மேற்கில் வேண்டாம். ஆனி ஆடியில் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மண்ணை வாரிக்கொண்டுதான் வரும்; கோடையில் பிற்பகல் வெயிலும் அந்தப் பக்கம்தான். மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் வலையோ கோவைக் கொடியோ ஏற்றிவிட்டால் சுவர் சுடாது. சுவரை விட்டு ஒரு அடி தள்ளிப் பந்தல் போடுங்கள், கொடி நேரே சுவரில் ஏறினால் ஓதம் திரும்பி வரும்.

கதவு நிலைக்கு வேம்பு நல்லது. கதவின் அடி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ரப்பர் பட்டை அடித்துவிடுங்கள். தேளும் பூரானும் அந்த வழியாகத்தான் வரும்.

கரண்டும் இன்டர்நெட்டும்

வீட்டு மெயின் போர்டிலிருந்து தொழுவுக்குத் தனி எம்.சி.பி., அதாவது மின்சுமை கூடினால் தானே விழும் சுவிட்ச், வேண்டும். கொடிக் கம்பியில் வயரைத் தொங்கவிட்டு இழுப்பது வழக்கமாக இருக்கிறது. காற்றில் உரசி, மழையில் கசிந்து, துணி காயப்போடும் கம்பியில் ஷாக் அடிக்கும் வரை கொண்டுபோய் விடும். 4 ஸ்கொயர் எம்.எம். மூன்று கோர் இரும்புக் கவசமிட்ட செம்பு ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதையுங்கள். கேபிளின் மேலும் கீழும் மணல், அதற்கு மேல் ஒரு வரிசை செங்கல். பின்னால் தென்னைக்குக் குழி வெட்டுபவரின் மண்வெட்டிக்கு அந்தச் செங்கல்தான் எச்சரிக்கை. ஒரு கோர் எர்த்துக்கு. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. அறைக்குள் கட்டாயம், ஓதம் உள்ள இடத்தில் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. சுவரைக் கொத்தாமல் மேலாகவே குழாய் ஓட்டுங்கள், பழைய சுவருக்கு அதுதான் நல்லது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிற்கும் கரண்ட் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான் வரும். லேப்டாப், மானிட்டர், ரவுட்டர், குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறி, ஒரு விளக்கு எல்லாம் சேர்த்து 150 வாட். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் 1800 வாட் ஹவர் இருக்கும். இழப்பும் மிச்சமும் போக 1100 நம்பலாம். ஏழு மணி நேரம் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தே இழுப்பதானால் அதற்குத் தனி நியூட்ரலும் இழுக்க வேண்டும். இ.பி. நியூட்ரலோடு கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும், எலக்ட்ரீசியன் மூன்று தடவை வந்து மூன்று காரணம் சொல்வார்.

இன்டர்நெட்டுக்கு வீட்டு ரவுட்டரிலிருந்து செம்பு லேன் கேபிள் இழுப்பதைவிட, ஃபைபர்க்காரரை நேரே தொழுவுக்கே கேபிள் இழுக்கச் சொல்லிவிடுங்கள். இடி மின்னல் நாளில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஓடும் செம்பு வயர் ரவுட்டரையும் லேப்டாப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது.

உங்களைப் பார்க்க வாடிக்கையாளர்கள் வந்துபோகும் தொழில் என்றால் வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டலாமா என்று இ.பி. பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற்றுவிடுங்கள்.

உள்ளே

இரண்டடி அகலம், ஐந்தடி நீளம், இரண்டரை அடி உயரத்தில் மேசை. சன்னல் பக்கவாட்டில் வர வேண்டும். முகத்துக்கு நேரே வந்தால் கண் கூசும், முதுகுக்குப் பின்னால் வந்தால் வீடியோவில் முகம் கறுத்துத் தெரியும். சாய்ந்த கூரையில் உயரமான பக்கத்தில் மேசையைப் போடுங்கள். 20 வாட் எல்.இ.டி. டியூப் இரண்டு போதும். சுவரும் தரையும் வெறுமையாக இருந்தால் பேச்சு எதிரொலிக்கும். பத்தமடைக் கோரைப்பாய் ஒன்றை எதிர்ச்சுவரில், சுவரைத் தொடாமல் சட்டம் கட்டித் தொங்கவிட்டால் அடங்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் மூன்று இடங்களைப் பாருங்கள்: உள்கூரைப் போர்டில் பழுப்பு வட்டம், சுவரின் கீழ் இரண்டடி, அடைத்த மூத்திரக் கால்வாய் இருந்த மூலை. போர்டில் வட்டம் தெரிந்தால் அதற்கு நேர் மேலே தேடாமல், கூரைச் சரிவில் இரண்டு மூன்று ஓடு மேலே தள்ளித் தேடுங்கள். தண்ணீர் பனங்கையில் வழிந்து வந்துதான் சொட்டும். சுவர் மட்டும் நனைந்திருந்தால் முதலில் வெளித் தளத்தின் சரிவில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள், பூச்சைத் தொட வேண்டாம். மூலை கசிந்தால் வெளிப்பக்கத்திலிருந்து தோண்டி, அந்த அடைப்பை மட்டும் மறுபடி கட்டினால் போதும்.